பழைய பள்ளிவாசலை இடிக்கலாமா?

பள்ளிவாசல் என்றவுடன் நம் கண்முன் ஒரு படம் வருகிறது. பச்சை வண்ணம். நடுவிலே உருண்டையான குவிமாடம். இரண்டு பக்கமும் ஊசிபோல மினாரா. காலண்டரிலும் சினிமாவிலும் பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்த படம் அது.

ஆனால் நம் தமிழ்க் கடற்கரையில் எழுந்த பழைய பள்ளிவாசல்கள் பல அப்படி இருக்கமாட்டா. குவிமாடம் கிடையாது. உயர்ந்த மினாராவும் கிடையாது. கல் தூண், தூணின் மேல் கல் உத்தரம், உத்தரத்தின் மேல் கல் கூரை. தள்ளி நின்று பார்த்தால் ஒரு கோயில் மண்டபம் என்றே சொல்வீர்கள். உள்ளே நுழைந்து பார்த்தால்தான் தெரியும், சிலை ஒன்றுகூட இல்லை என்பது.

இந்தக் கட்டிடங்கள் நம்முடைய சொத்து. இப்போது பல ஊர்களில் அவை ஆபத்தில் இருக்கின்றன. இடிப்பவர்கள் பகைவர்கள் அல்ல. அந்தப் பள்ளியிலேயே தினம் ஐந்து வேளை தொழுகிறவர்கள்தான். "இடம் போதவில்லை, பழசாகிவிட்டது, புதிதாகக் கட்டுவோம்" என்று நல்ல எண்ணத்தோடு இடிக்கிறார்கள்.

நல்ல எண்ணம்தான். ஆனால் இடிந்தது இடிந்ததுதானே?

வில்லியனூர், பாகூர் பக்கத்து வாசகர்களுக்கு இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வில்லியனூரில் என்ன இருக்கிறது?

வில்லியனூர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது திருக்காமீசுவரர் கோயில். அந்தக் கோயில் தேரை கவர்னர் வடம் பிடித்து இழுப்பது வழக்கம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆரம்பித்த வழக்கம் இது. பிரெஞ்சுக்காரர் போனார்கள். இன்று துணைநிலை கவர்னர் வடம் பிடிக்கிறார். அடுத்தபடியாக லூர்து மாதா கோயில். 1876-77-ல் எழுந்தது. பக்கத்திலேயே சுல்தான்பேட்டை. அங்கே முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. பாங்கு சத்தமும், கோயில் மணியும், மாதா கோயில் மணியும் ஒரே ஊர்க்காற்றில் கலந்து வருகின்றன.

பாகூரும் சாதாரண ஊர் அல்ல. 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ அரசன் காலத்தில் அங்கே ஒரு கல்விச்சாலை நடந்தது. அதற்கு மூன்று கிராமங்களின் வருமானம் தானமாக விடப்பட்டது. இது நமக்கு எப்படித் தெரியும்? ஐந்து செப்பேடுகளில் எழுதி வைத்தார்கள். அவை 1879-ல் கிடைத்தன. செப்பேடு கிடைத்திராவிட்டால், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பாகூரில் கல்லூரி நடந்தது என்று யார் சொன்னாலும் நாம் நம்பியிருக்கமாட்டோம்.

எழுதி வைத்தது நின்றது. எழுதாமல் விட்டது மறைந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"பள்ளி" என்ற சொல்

வட இந்தியாவில் "மஸ்ஜித்" என்கிறார்கள். "நமாஸ்" என்கிறார்கள். "ரோஜா" என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் எப்படிச் சொல்கிறார்கள்? பள்ளிவாசல், தொழுகை, நோன்பு! மூன்றும் சுத்தமான தமிழ்ச் சொற்கள்.

பள்ளி என்றால் பழந்தமிழில் சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்கும் பெயர். புத்த பிட்சுக்கள் இருந்த இடத்துக்கும் பெயர். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் இன்றுவரை அதுதான் பெயர். அந்தச் சொல்லையே எடுத்துத் தங்கள் தொழுகை இடத்துக்கும் வைத்துக்கொண்டார்கள்.

இது நேற்று நடந்த காரியம் அல்ல. இராமநாதபுரத்துக்குத் தெற்கே திருப்புல்லாணி இருக்கிறது. பெருமாள் கோயில் ஊர். அங்கே 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப் பட்டினம் என்ற ஊரில் சோனகர் கட்டிய "பிழார்ப் பள்ளி"க்கு நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது. சோனகர் என்றால் அரபு நாட்டிலிருந்து வாணிகத்துக்கு வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். பள்ளிவாசலுக்கு அரசன் நிலம் விட்ட செய்தி, பெருமாள் கோயில் ஊர்க் கல்லில்!

அந்தக் காலத்தில் இது பெரிய அதிசயமாகத் தோன்றியிருக்காது. அரசனுக்குக் குதிரை வேண்டும். குதிரை கடல் வழியே வந்தது. குதிரையைக் கொண்டுவந்த வணிகன் தொழ ஓர் இடம் கேட்டான். கொடுத்தான். பக்தியும் இருந்தது. வியாபாரமும் இருந்தது.

தமிழ்நாட்டின் மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று எது? திருச்சி கோட்டை ரெயில் நிலையத்தின் அருகே உள்ள கல்லுப்பள்ளி. அதில் உள்ள அரபுக் கல்வெட்டு ஹிஜ்ரி 116 என்று ஆண்டு சொல்கிறது. ஆங்கில ஆண்டுக் கணக்கில் அது 734. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010-ல். அதற்கு 276 ஆண்டுகள் முந்தியது இந்தச் சின்னஞ்சிறு பள்ளி! ஒரு வீட்டுக் கூடம் அளவுதான் இருக்கும். நான்கு பக்கமும் கல் தூண்கள். மேலே கல் பாவிய கூரை. அவ்வளவுதான். ரெயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கவனிக்காமல் ஓடுகிறார்கள்.

கீழக்கரைக்குப் போவோம்

கல்லிலே கட்டிய தமிழ்ப் பள்ளிவாசலை முழு அழகோடு பார்க்க வேண்டுமானால் கீழக்கரைக்குப் போகவேண்டும். இராமநாதபுரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர். கடலோர ஊர். முத்துக் குளித்த ஊர். கப்பல் ஓட்டிய மரைக்காயர்களின் ஊர்.

அங்கே உள்ள பெரிய ஜும்ஆப் பள்ளி 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. அதைக் கட்டுவித்தவர் என்று போற்றப்படுபவர் வள்ளல் சீதக்காதி.

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற பழமொழி தெரியாத தமிழர் உண்டா? இரவல் கொடுத்தவர், கடன் கொடுத்தவர் எல்லோரையும் கிண்டல் செய்யக்கூட அந்தப் பழமொழியைச் சொல்கிறோம். ஆனால் அவர் உண்மையில் வாழ்ந்த மனிதர் என்பது பலருக்குத் தெரியாது! ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது அவர் பெயர். பெரிய கப்பல் வணிகர். சேது நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பர். உதவி நாடி வந்த புலவர் ஒருவர், வள்ளல் இறந்துவிட்டார் என்று கேட்டு அவர் அடக்கமான இடத்துக்குப் போய் அழுதாராம். அப்போது மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டதாம். இது ஊர் சொல்லும் கதை. கதை கிடக்கட்டும். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குத் துணை நின்றவர் இவர் என்பது வரலாறு. அந்த நூல் அரங்கேற உதவியவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல் காசிம் மரைக்காயர்!

அந்தச் சீதக்காதியின் பெயர் சொல்லும் பள்ளிக்குள் நுழைந்து பாருங்கள்.

வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள். ஒவ்வொரு தூணும் அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் பார்க்கிறோமே, அதே கணக்கு. தூணின் தலையில் பொதிகை. பொதிகையின் நுனியில் வாழைப்பூ மொட்டுப்போல் கீழே தொங்கும் வேலைப்பாடு. சதுரப் பகுதிகளில் பூ, கொடி, வட்டம், கட்டம்.

கோயில் தூணில் அந்தச் சதுரத்தில் என்ன இருக்கும்? யாளி இருக்கும். குதிரை வீரன் இருப்பான். ஆடும் பெண் இருப்பாள். இங்கே உருவம் எதுவும் இல்லை. இஸ்லாமியத் தொழுகைக் கூடத்தில் உருவம் கூடாது. அதனால் சிற்பி உருவத்தை விட்டான். பூவை வைத்தான். உளி அதே உளி. கை அதே கை.

இதிலே நம்மை வியக்க வைப்பது ஒன்று உண்டு. சேது நாட்டில் கோயில் கட்டும் வேலை ஓயாமல் நடந்த காலம் அது. கோயிலில் கல் செதுக்கிப் பழகிய மரபில் வந்தவர்கள்தான் பள்ளிவாசலிலும் செதுக்கியிருக்க வேண்டும் என்பது, தூணைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும். "இது எங்கள் சாமி இடம் இல்லை, வேலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்" என்று அவர்கள் நினைக்கவில்லை. ஒரு தூணையாவது ஏனோதானோ என்று விட்டிருக்கிறார்களா, பாருங்கள்!

தூண்கள் ஏன் இவ்வளவு நெருக்கம்?

கல் பள்ளிக்குள் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. "தூணே இடத்தை அடைத்துக்கொள்கிறதே!" என்பார்கள்.

காரணம் இருக்கிறது. கருங்கல்லின் தலையில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும். ஆனால் அதையே உத்தரமாகக் குறுக்கே படுக்க வைத்தால், நீளம் அதிகமானால் நடுவில் முறிந்துவிடும். மரம் வளையும், கல் வளையாது. ஆகவே உத்தரம் குட்டையாக இருக்கவேண்டும். உத்தரம் குட்டையாக இருந்தால் தூண் நெருங்கி நிற்கவேண்டும். பொதிகை இருக்கிறதே, அது வெறும் அழகுக்கு அல்ல. தூணின் தலையிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டி உத்தரத்தைத் தாங்குகிறது. அந்த அளவுக்கு இடைவெளி குறைகிறது. கூரையும் நிற்கிறது.

நம் வீட்டுத் திண்ணையில் மரத் தூண்மேல் மரப் பொதிகை வைத்திருப்பார்களே, அதே சூட்சுமம்.

வளைவு கட்டத் தெரிந்தவர்கள் இந்தத் தொல்லை இல்லாமல் அகலமான கூடம் கட்டினார்கள். சின்னச் சின்னச் செங்கல்லை வளைத்து அடுக்கினால் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். டில்லிப் பக்கத்துப் பள்ளிவாசல்கள் அப்படிக் கட்டியவை. அந்த முறை நம் பக்கத்துக்கும் வந்தது. எங்கே? செஞ்சிக்கு.

ஆற்றின் மேல்முனையில்

வில்லியனூர் ஓரமாக ஓடுகிறதே சங்கராபரணி, அது செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. செஞ்சி ஆறு என்றே அதற்கு ஒரு பெயர். ஆற்றங்கரையோடு மேலே போனால் செஞ்சிக் கோட்டை.

தேசிங்கு ராஜன் கதையைப் பாட்டியிடம் கேட்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு போரிட்டு 1714-ல் தேசிங்கு மாண்டான். அவனோடு கூடவே போரிட்டு உயிர்விட்டவன் அவன் உயிர் நண்பன் மோவத்துக்கான். தேசிங்கு ரஜபுத்திரன். மோவத்துக்கான் முஸ்லிம். எதிரி நவாபும் முஸ்லிம்! மதத்துக்காக நடந்த சண்டை அல்ல அது. கப்பப் பணத்துக்காக நடந்த சண்டை. தெருக்கூத்துக்காரர்கள் இதைச் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

வென்ற நவாபு 1717-18-ல் கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசல் கட்டினார். ராஜகிரி மலையின் அடிவாரத்தில் அது இன்றும் நிற்கிறது. பாரசீக மொழியில் கல்வெட்டு இருக்கிறது. வளைவு வாசல்கள், ஓரங்களில் மெல்லிய மினாரா. கீழக்கரைப் பள்ளியைப் பார்த்தவர் இதைப் பார்த்தால் இரண்டும் ஒரே மதத்துக் கட்டிடமா என்று கேட்பார். ஒன்று கப்பலில் வந்து இங்கே ஊர்க்காரனாகிவிட்டவன் கட்டியது. மற்றொன்று குதிரையில் வந்து வென்றவன் கட்டியது. இரண்டையும் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் நம் கையும் நம் மண்ணும் எதிலே அதிகம் என்று கேட்டால், கீழக்கரை என்றே சொல்வோம்.

செஞ்சிப் பள்ளிக்குக் கவலை இல்லை. மத்திய தொல்பொருள் இலாகா அந்தக் கோட்டையைக் காக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான்.

இன்னொரு சேதி. புதுச்சேரிக் கடற்கரைக்குக் குழந்தைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். காந்தி சிலையைச் சுற்றி உயரமான எட்டுக் கல் தூண்கள் நிற்கின்றனவே, அவை எங்கிருந்து வந்தவை? செஞ்சியிலிருந்து! 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்தார்கள். 1761 வரை அது அவர்கள் கையில் இருந்தது. கோட்டைக்குள் இருந்த வேங்கடரமணர் கோயிலின் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் அந்தத் தூணைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். தூண் இங்கே அழகாகத்தான் இருக்கிறது. செஞ்சியில் அந்தக் கோயில் தூணில்லாமல் நிற்கிறது.

செங்கல்லும் சுண்ணாம்பும்

"கீழக்கரையில் கல் இருக்கிறது, செஞ்சியில் மலை இருக்கிறது. எங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்று வில்லியனூர்க்காரர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. கடலோர வண்டல் பூமியில் கருங்கல் கிடையாது. வெளியிலிருந்துதான் வண்டியில் வரவேண்டும். ஆகவே இந்தப் பக்கத்து ஊர்களில் பழைய வீடும், சத்திரமும், சின்னப் பள்ளிவாசலும் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். நம் ஊர் ஆற்றின் ஒரு கிளைக்குப் பெயரே சுண்ணாம்பாறு அல்லவா!

கல் இல்லையே என்று அதை அலட்சியமாக நினைக்கவேண்டாம். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணல் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து எடுத்தார்கள். அந்தச் சாந்து ஒரே நாளில் இறுகாது. காற்றை இழுத்து இழுத்து, வருஷக் கணக்கில் கல்லாகும். பழைய சுவரில் ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சுண்ணாம்புச் சுவருக்கு இன்னொரு குணம். அது மூச்சு விடும். மழைக்காலத்தில் தரையிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும்.

அதன்மேல் சிமெண்டு பூசினால் என்ன ஆகும்? போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் 1824-ல்தான் பதிவுரிமை பெற்றார்கள். புதுக் கட்டிடத்துக்கு அது அருமையான பொருள். பழைய சுவருக்கு அது எமன். ஈரம் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. உள்ளேயே ஏறும். உப்பைக் கொண்டுவரும். செங்கல் மாவாக உதிரும். "பாருங்கள், பழைய சுவர் எப்படி உதிர்கிறது! இனி தாங்காது, இடிக்கத்தான் வேண்டும்" என்பார்கள். சுவரை உதிரவைத்தது வயசு அல்ல. போன தடவை செய்த ரிப்பேர்!

மளமளப்பான எனாமல் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. கல் தூணில் பெயிண்டு அடித்தால் பூ வேலைப்பாடு மூன்றாவது பூச்சில் மறைந்துவிடும். எழுத்து இருந்தால் இரண்டாவது பூச்சிலேயே மறையும். கோயில்களிலும் இந்தக் கூத்து நடந்தது. தூண்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். அழுக்கோடு எழுத்தும் போயிற்று.

பள்ளிவாசல் பெரிதாக வேண்டாமா?

வேண்டும். அதை மறுக்கவில்லை.

இருநூறு பேர் இருந்த ஊரில் இன்று இரண்டாயிரம் பேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருகிறவர்கள் தெருவில் பாய் விரித்து வெயிலில் நிற்கிறார்கள். ரமலான் மாதத்தில் கேட்கவேண்டியதே இல்லை. வெளிநாட்டில் பாடுபட்ட பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கு என்று பணம் அனுப்புகிறார்கள். "காசு வந்திருக்கிறது, கட்டுவோம்" என்று ஜமாஅத்தார் சொல்வதில் தவறு என்ன?

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. பழைய கூடத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நீட்டிக் கட்டக்கூடாதா? தொழுகை வரிசை மேற்கே மக்காவை நோக்கி நிற்கிறது. கிழக்குப் பக்கம் வாசல், முற்றம், கை கால் கழுவும் ஹவுள். முற்றத்துப் பக்கமோ தெற்கு வடக்குப் பக்கமோ புதிய கூடம் சேர்த்தால் பழைய மிஹ்ராபும் அதன் முன் உள்ள தூண்களும் அப்படியே நிற்கும். முதல் வரிசை பாட்டனார் தொழுத இடத்தில் நிற்கும். பின்வரிசை புதுக் கூடத்தில் நிற்கும். பெரிய கோயில்கள் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தன. கருவறையை விட்டுவிட்டு வெளியே வெளியே மண்டபம் சேர்த்தார்கள்.

இடம் இல்லாத ஊரும் உண்டு. சுவர் பிளந்து உயிருக்கு ஆபத்தான கட்டிடமும் உண்டு. அங்கே இடிக்காதே என்று வெளியூரிலிருந்து சட்டம் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் "ஆபத்து" என்று சொல்கிறவர் யார் என்று பாருங்கள். புதுக் கட்டிடம் கட்டிக் கூலி வாங்கப்போகிற கன்டிராக்டரே அதையும் சொன்னால், இன்னொருவரையும் கேளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த எஞ்சினீயரைக் கேளுங்கள்.

புதுச்சேரி நகரத்தில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு நிறுவனம் அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. பிரெஞ்சுத் தெருக்களில் பழைய வீடுகளைச் செப்பனிட்டு நிறுத்தியிருக்கிறது. தமிழ்த் தெருக்களிலும் திண்ணை வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. நகரத்திலும் தூங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. கடற்கரையோரம் இருந்த "மேரி" என்ற பழைய நகராட்சிக் கட்டிடம் 2014 நவம்பர் மழையில் மடமடவென்று சரிந்தது. பிறகு பழைய வடிவத்திலேயே புதிதாகக் கட்டினார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பழைய கட்டிடம் அல்ல. பழைய கட்டிடத்தின் போட்டோ என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நகரத்துக்கு இவ்வளவு கவனிப்பு. வில்லியனூருக்கும் பாகூருக்கும்? வெள்ளைக்காரர் தெருவில் ஒரு ஜன்னல் கதவு விழுந்தால் பத்திரிகையில் படம் வருகிறது. கொம்யூன் கிராமத்தில் ஒரு பழைய பள்ளிவாசலோ, ஐயனார் கோயிலோ, சத்திரமோ போனால் செங்கல் ஏற்றிப் போகிற டிராக்டர்காரனுக்கு மட்டும்தான் தெரிகிறது. சுற்றுலாக்காரன் வராத ஊர் என்பதால் அதற்கு வரலாறு இல்லாமல் போய்விடுமா?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

மத்திய அரசாங்கத்தின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கட்டிடத்தைத் தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவித்துப் பாதுகாக்கலாம். அறிவித்தால்தான் பாதுகாப்பு. நூறு வயது ஆனதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. கிராமத்துப் பள்ளிவாசல் ஒவ்வொன்றையும் டில்லி அறிவிக்கும் என்று காத்திருந்தால் அதற்குள் கூரை விழுந்துவிடும்.

ஆகவே, உள்ளூரில் முடிகிற காரியத்தைச் செய்யவேண்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் தங்கள் எல்லையில் உள்ள பழைய கட்டிடங்களை, கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், சத்திரம், குளக்கரை மண்டபம் என்று பாகுபாடு பார்க்காமல், ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். புதுச்சேரி வக்பு வாரியம், பழைய பள்ளியை இடிக்க முத்தவல்லி அனுமதி கேட்டு வரும்போது, "அளந்து வரைபடம் எடுத்தீர்களா? கல்வெட்டு உண்டா?" என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்கவேண்டும். இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டியதில்லை.

ஜமாஅத்தாரும் வீட்டுப் பெரியவர்களும் செய்யக்கூடியது இன்னும் சுலபம். வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பள்ளியின் தூண், நிலைப்படி, மிம்பர் படி, மிஹ்ராபு எல்லாவற்றையும் படம் எடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்து தெரியும். பள்ளியின் பக்கத்தில் உள்ள பழைய அடக்கத்தலத்து மீசான் கற்களையும் பாருங்கள். அரபு எழுத்தாக இருக்கலாம். அரபு எழுத்தில் எழுதிய தமிழாகவும் இருக்கலாம். அறபுத் தமிழ் என்று அதற்குப் பெயர். ஊர் ஆலிம் ஒருவர் உட்கார்ந்து படித்தால், கட்டியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் கிடைத்தாலும் கிடைக்கும்.

அடுத்து, பாட்டியைக் கேளுங்கள். "நன்னீ, நம்ம பள்ளிக்குக் கல்லு எங்கேருந்து வந்துச்சு? யாரு வண்டி அனுப்பினாங்க?" என்று பேரன் கேட்டால் பாட்டி சொல்வாள். பத்திரிகைக்காரன் போய்க் கேட்டால் சொல்லமாட்டாள். அவள் சொல்வதைப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அவள் சொல்வது எல்லாம் சரித்திரம் ஆகிவிடாது. பாதி கதையாக இருக்கும். பரவாயில்லை. 1344-வாக்கில் மதுரைப் பக்கம் வந்த மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, கடற்கரைப் பட்டினம் ஒன்றில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலைப் பார்த்ததாக எழுதினார். அந்த ஊரில் திராட்சையும் மாதுளையும் நன்றாக இருந்தன என்றும் எழுதினார். ஒரே ஒரு வரிதான். அந்த ஊர் பெரியபட்டினமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் இன்றுவரை அந்த வரியை வைத்துக்கொண்டு தேடுகிறார்கள்!

இடிக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்ட ஊர்களுக்கு ஒரு வார்த்தை. கல் தூணை உடைத்து அஸ்திவாரத்தில் ஜல்லியாகப் போடாதீர்கள். எழுத்துள்ள கல்லைப் படிக்கட்டில் பதிக்காதீர்கள். நான்கு தூணையும் ஒரு பொதிகையையும் கழற்றிப் புதுப் பள்ளியின் முன் மண்டபத்தில் நிறுத்துங்கள். மரக் கதவு நன்றாக இருந்தால் புது வாசலுக்கு அதையே மாட்டுங்கள். இதற்குக் கூலி அதிகம் ஆகாது. தூணைச் சேதமில்லாமல் இறக்கக் கப்பியும் சங்கிலியும் வைத்திருக்கும் கோயில் வேலை ஸ்தபதிகள் விழுப்புரம் பக்கத்திலேயே கிடைப்பார்கள். இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முன் அவர்களைக் கூப்பிடவேண்டும். பின்னால் கூப்பிட்டுப் பயன் இல்லை.